கன அளவு விகிதம் கொடுத்திருந்தால் முதலில் கனமூலம்

வடிவொத்த திண்மங்களில் (ஒரே வடிவம், எல்லா நீளமும் ஒரே விகிதத்தில் மாறியவை) நீளம் 2 : 3 என்றால் பரப்பு 4 : 9, கன அளவு 8 : 27. இது எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் போவது, கன அளவிலிருந்து நேராகப் பரப்புக்குத் தாவும்போது.

இரண்டு வடிவொத்த கூம்புகளின் கன அளவுகள் 27 : 64, சிறியதன் மொத்தப் புறப்பரப்பு 180 ச.செ.மீ. பெரியதன் பரப்பு என்ன? கனமூலம் எடுத்தால் நீளம் 3 : 4. வர்க்கப்படுத்தினால் 9 : 16. 180 × 16 ÷ 9 = 320 ச.செ.மீ. அவசரத்தில் 64 ÷ 27-ஆல் பெருக்கினால் 426.67 வரும். எதைக் கொடுத்தாலும் முதலில் நீள விகிதத்துக்கு இறங்கி, பிறகு கேட்டதற்கு ஏறுங்கள்; அந்த நீள விகிதத்தை ஓரத்தில் தனி வரியாக எழுதிவிடுங்கள்.

அதற்கும் முன்னால், வடிவொத்தவைதானா என்று பாருங்கள். கோளங்களும் கனசதுரங்களும் எப்போதும் வடிவொத்தவை. உருளையும் கூம்பும் அப்படியல்ல. ‘ஆரங்கள் 2 : 3, உயரங்கள் 5 : 3’ என்று உருளைக் கணக்கு வந்தால் 8 : 27 செல்லாது. ஆரத்தை மட்டும் வர்க்கப்படுத்தி உயரத்தால் பெருக்க வேண்டும்: 4 × 5 : 9 × 3, அதாவது 20 : 27.

அதிகம் வழுக்குவது வெட்டிய கூம்பில்தான். 24 செ.மீ. உயரக் கூம்பை அடிப்பக்கத்துக்கு இணையாக வெட்டுகிறோம். மேலே வரும் சிறு கூம்பின் கன அளவு முழுக் கூம்பில் 1/64. கனமூலம் 1/4, எனவே அதன் உயரம் 6 செ.மீ. கேள்வி ‘அடியிலிருந்து எந்த உயரத்தில்’ என்று இருந்தால் விடை 18. ஆறு என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் ஏராளம்! கீழே மிஞ்சும் இடைக்கண்டம் முழுக் கூம்புக்கு வடிவொத்ததல்ல. அதற்குக் கழித்தல்தான் வழி. நடு உயரத்தில் வெட்டினால் மேல்துண்டு, கீழ்த்துண்டு கன அளவுகள் 1 : 7, வளைபரப்புகள் 1 : 3. மொத்தப் புறப்பரப்பில் இப்படிக் கழிக்கக் கூடாது, வெட்டிய இடத்தில் இரண்டு துண்டுக்கும் புதிதாக ஒவ்வொரு வட்டம் சேர்ந்துவிடுகிறது.

சதவீதக் கணக்கும் இதே குடும்பம். எல்லா நீளமும் 10% கூடினால் பரப்பு 21%, கன அளவு 33.1% கூடும், 20%, 30% அல்ல.

மாதிரித் தொட்டிக் கணக்கில் லிட்டரைக் கன செ.மீ. ஆக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாதிரிக்கும் நிஜத் தொட்டிக்கும் நீள விகிதம் 1 : 20, மாதிரியில் 3 லிட்டர் பிடிக்கும் என்றால், 20-இன் கனம் 8000, எனவே நிஜத் தொட்டியில் 3 × 8000 = 24,000 லிட்டர்.