ஆகஸ்ட் மாத நெருக்கடி

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை? பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும், தம்மை வீட்டில் தங்கவைக்கும் ஹோஸ்ட் குடும்பமும், சேரப்போகும் பள்ளியின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் உறுதியாகாமல் சொந்த ஊரிலிருந்து கிளம்பக் கூடாது. ஆகஸ்ட் 31-தான் கெடு.

அமைப்பை நடத்தும் தலைவரின் தரம் அந்த வாரங்களில் தெரிந்துவிடும். நிறைய மாணவரைச் சேர்த்துவிட்டு வீட்டைப் பிறகு தேடலாம் என்று வசந்த காலத்தில் முடிவெடுத்தவர், ஆகஸ்டில் சந்தேகமான குடும்பத்துக்கும் தலையாட்டுவார். ஆகவே எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது முதலில் கணக்கில் கொள்ள வேண்டியவர்கள், அமைப்பின் சார்பில் அந்தந்த ஊரில் மாணவரைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள். ஊர் ஊராக எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை பிள்ளைகளை நிஜமாகவே கவனிக்க முடியும்? மாணவர் தங்கும் வீடு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து 120 மைலுக்குள் (சுமார் 193 கி.மீ.) இருக்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் அதுவே அதிகம். இரவில் அழும் பிள்ளையிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

வீடு பார்ப்பது வெறும் சடங்கில்லை. வீட்டில் வசிக்கும் எல்லோரையும் அந்த வீட்டிலேயே நேரில் பேட்டி எடுக்க வேண்டும். 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. உறவினரோ அமைப்பின் ஆட்களோ அல்லாத ஊர்க்காரர் இருவர் பரிந்துரைக்க வேண்டும். சமையலறை, குளியலறை, கூடம், மாணவரின் படுக்கையறை, வீட்டின் வெளிப்புறம் ஆகியவற்றின் படங்களும் கோப்பில் சேர வேண்டும். மாணவருக்குத் தனிக் கட்டில் கட்டாயம். பிள்ளையில்லாமல் தனியாக வாழ்பவர் வீடு என்றால், அவரைத் தேர்ந்தவர் அல்லாத இன்னொருவர் மறுபடி பரிசீலிப்பார். இந்த இரண்டாம் பார்வையை எல்லா வீடுகளுக்கும் விரிவாக்குவது நல்லது. குடும்பத்தைப் பிடித்துக்கொடுத்தவருக்கே அதன் குறை கண்ணில் படாமல் போவது இயல்பு.

மாணவர் வந்த முதல் இரண்டு மாதத்துக்குள் மீண்டும் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது மாணவரிடமும் குடும்பத்திடமும் பேச வேண்டும். பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். ஹோஸ்ட் அம்மா பக்கத்தில் நிற்கும்போது ‘எல்லாம் நல்லாயிருக்கா?’ என்று கேட்டால் பிள்ளை ‘ஆமா’ என்றுதான் சொல்லும். தனியாக அழைத்துப் போங்கள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய், கடைசியாக எப்போது வெளியே போனாய் என்று கேளுங்கள். அறைக்குள் தட்டோடு ஒதுங்கிவிட்ட பிள்ளையை இந்தப் பதில்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த விதிகளின் கீழ் ஹோஸ்ட் குடும்பங்களுக்குக் கூலி கிடையாது. வீட்டைத் திறந்துவிடும் மனம்தான் முதல். ஏ.எஃப்.எஸ். (அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்) என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பின் வரலாறே அதற்குச் சாட்சி. முதல் உலகப் போரின்போது, 1915-இல், அமெரிக்கரான பியாட் ஆண்ட்ரூ பிரான்சில் தொடங்கிய தன்னார்வ ஆம்புலன்ஸ் படை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஸ்டீபன் கலாட்டியின் தலைமையில் பழைய ஓட்டுநர்கள் பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் இறங்கினார்கள். 1947-இல் 10 நாடுகளிலிருந்து வந்தவர்கள் 52 பேர் மட்டுமே. காயம்பட்டவரை ஏற்றிச் சென்றவர்களே பிள்ளைகளுக்கு வீடு தேட முன்வந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. 52-இல் தொடங்கியது நிதானமான முடிவு என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, பட்ஜெட் போடும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று. சில பிள்ளைகள் வருடத்தின் நடுவில் வீடு மாறத்தான் செய்வார்கள். சில சமயம் தவறு யாருடையதும் இல்லை. வேலை போகும், நோய் வரும், குணம் ஒத்துப்போகாது. அதனால் ஒவ்வொரு வட்டாரத்திலும், எல்லாச் சோதனையும் முடித்த ஒரு குடும்பத்தையாவது மாணவர் யாரையும் அனுப்பாமல் வைத்திருங்கள். அந்தக் குடும்பத்தையும் கூட்டங்களுக்குக் கூப்பிடுங்கள். நடு இரவில் தொலைபேசி வந்தால் கதவைத் திறக்கப் போவது அவர்கள்தான்.