ஒற்றைத் தடம்

அக்டோபர் 8

காலையில் அம்மா அழைத்தபோது வழக்கம்போலத் தொலைபேசியை இடது காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லாததால் இணைப்புச் சரியில்லை என்று எண்ணி இருமுறை துண்டித்தேன். மூன்றாம் முறை வலது காதுக்கு மாற்றியபோதுதான், அம்மா அத்தனை நேரமும் பேசிக்கொண்டுதான் இருந்தாள் என்பது தெரிந்தது.

அக்டோபர் 9

மருத்துவர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றியின் நடுவில் ஊன்றி, ஒலி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன். அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எடுத்த வரைபடத்தில் வலது காதின் சிவப்பு வட்டங்கள் மேலே வரிசையாக நிற்க, இடது காதின் நீலப் பெருக்கல் குறிகள் படிக்கட்டில் தடுக்கி விழுந்தவைபோலக் கீழே கிடந்தன. மாத்திரைகளைக் காலையில் சாப்பிட்டவுடன் போட வேண்டும், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 10

எகிப்தின் முதல் பேசும் படங்களைப் பற்றிய கட்டுரையை ஒத்திவைக்கலாமே என்கிறார் இவர். ஒத்திவைத்தால், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்தச் சீறலை இடப்பக்கத்தில் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

1932 மார்ச் 14 அன்று கெய்ரோவின் ராயல் திரையரங்கில் ‘அவ்லாத் அல் ஸவாத்’, அதாவது மேட்டுக்குடிப் பிள்ளைகள், வெளியானது. இயக்கியவர் முகமது கரீம்; நாயகன் யூசுப் வஹ்பி; அவருடைய மனைவியாக அமீனா ரிஸ்க். தன் குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு பிரெஞ்சுக்காரியின் பின்னால் போகும் கனவான் ஒருவனின் கதையை, வஹ்பி தன் ரம்சேஸ் நாடகக் குழுவின் மேடையிலிருந்து அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். எகிப்தில் குடியிருந்த ஐரோப்பியர்கள் தங்களை இழிவுபடுத்தும் படம் என்று கொதித்தார்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சங்கதியாகத் தோன்றுவது வேறு. எகிப்தின் முதல் பேசும் படம் என்று கொண்டாடப்படும் இந்தப் படம் முழுக்கப் பேசவில்லை. பேசும் காட்சிகளைப் பதிவு செய்ய எகிப்தில் கருவி இல்லாததால் அவற்றை மட்டும் பாரிஸுக்குப் போய் எடுத்தார்கள். மற்றவை மௌனமாகவே எடுக்கப்பட்டவை. பாதி கேட்கும் படம்.

எந்தக் காட்சிக்கு வாய் கொடுப்பது, எதை ஊமையாக விடுவது என்பதை எந்தக் கணக்கில் முடிவு செய்திருப்பார்கள்?

அக்டோபர் 11

உறக்கமில்லை. மாத்திரை செய்யும் வேலை என்கிறார்கள். மூன்று மணிக்கு எழுந்து சமையலறை முழுவதையும் துடைத்தேன்.

அக்டோபர் 12

கீழ்வீட்டு ஹாஜ்ஜா ஒரு கிண்ணத்தில் பருப்பு சூப் கொண்டுவந்தார். சோபாவில் என் இடப்பக்கம் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். நான் தலையை முழுவதும் திருப்பித் திருப்பிக் கேட்பதைப் பார்த்து, தன் பேச்சில் எனக்கு இத்தனை ஆர்வமா என்று மகிழ்ந்துபோனார். நான் சொல்லவில்லை.

‘வெள்ளை ரோஜா’ படத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும் முழங்காலில் விரலால் தாளம் தட்டி, “யா வர்தத் அல் ஹுப்” என்று அதில் நடித்த பாடகர் அப்துல் வஹாபின் பாட்டை எடுத்தார். அவர் பிறப்பதற்கு முன்பே வந்த படம். அவருடைய தாய் அடுப்படியில் பாடியதாம்.

அக்டோபர் 13

இன்று கொஞ்சம் விரிவாக எழுத முடிகிறது. சீறல் தணிந்திருக்கிறது, அல்லது பழகிவிட்டது.

‘அவ்லாத் அல் ஸவாத்’ வந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், ஏப்ரலில், ‘உன்ஷூதத் அல் ஃபுஆத்’ என்ற இரண்டாவது பேசும் படம் வந்தது. இதயத்தின் கீதம் என்று பொருள். இத்தாலியரான மரியோ வோல்பி இயக்க, நாத்ரா பாட, அரபு நாடக மேடையின் பெருந்தலையான ஜோர்ஜ் அப்யத் நடித்தார். இதற்கும் ஒலி பாரிஸில்தான். எகிப்தின் முதல் பாட்டுப் படம் இது. ஆனால் எடுத்தவர்கள் கச்சேரியையும் சினிமாவையும் ஒன்றென்று எண்ணிவிட்டார்கள். பாடகி நின்று பாடிக்கொண்டே இருக்க, கேமராவும் எதிரே நின்றுகொண்டே இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து ஒரே அடியை ஐந்து விதமாகக் கேட்டு ஆஹா என்று தலையசைக்கும் ரசிகர்கள்தான் இங்கும் வந்தார்கள். ஆனால் திரையில் இருப்பவளுக்கு அவர்களுடைய ஆஹா கேட்காது, கேட்டு அந்த அடியை இன்னொருமுறை திருப்பிப் பாடவும் மாட்டாள். இப்படிப்பட்ட இசைக்கு மறுமுனையில் ஒரு காது வேண்டும். படம் எடுபடவில்லை.

இரண்டு படங்களும் வந்த அதே வாரங்களில், மார்ச் 28 முதல் ஏப்ரல் 3 வரை, கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தது என்பதை நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. ஹங்கேரியிலிருந்து பார்டோக்கும் ஜெர்மனியிலிருந்து ஹிண்டமித்தும் என்று பெரிய இசையமைப்பாளர்கள் வந்து உட்கார்ந்து, சுரங்களின் அளவு பற்றியும், பியானோவை அரபு இசையில் சேர்க்கலாமா என்பது பற்றியும் மற்ற அறிஞர்களோடு சேர்ந்து விவாதித்துக்கொண்டிருக்க, அதே நகரத்துத் திரையரங்கில் அந்த இசையின் தலையெழுத்தே மாறிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 14

இடது காதில் ஒன்றுமில்லை.

அக்டோபர் 15

முகமது கரீமை விட்டு மனம் நகர மறுக்கிறது. ஜெர்மனிக்குப் போய் ஊஃபா திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளங்களில் தொழில் பார்த்துத் திரும்பியவர். 1930-ல் அவர் எடுத்த ‘ஸைனப்’ மௌனப் படம், ஹைகல் என்ற எழுத்தாளரின் நாவலை ஒட்டியது. ஹைகல் அந்த நாவலை முதலில் வெளியிட்டபோது, வழக்கறிஞர் ஒருவர் கதை எழுதினார் என்ற பெயர் வரக் கூடாது என்று அஞ்சி, ‘எகிப்திய உழவன் ஒருவன்’ என்று மட்டும் போட்டுக்கொண்டார். அந்த உழவர்களின் ஊரைப் படம் பிடிக்கப் போன கரீமோ, கேமராவுக்கு முன் நிறுத்துவதற்கு முன்னால் மாடுகளைக் குளிப்பாட்டச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. குளிப்பாட்டிய மாட்டைப் பார்த்துச் சிரிக்கும் விமர்சகர்கள், அந்தப் படத்தின் நாயகியாக நடித்த பஹீகா ஹாஃபிஸ் ஒரு பியானோக் கலைஞர் என்பதையும், மௌனப் படமான அதற்கு இசையமைத்தவரும் அவரே என்பதையும் இரண்டாம் வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 

அதே ‘ஸைனப்’பைக் கரீம் 1952-ல் திரும்ப எடுத்தார், இம்முறை ஒலியோடு. 22 ஆண்டுகள் அவருக்கு அந்தப் பெண்ணின் குரல் குறையாகவே இருந்திருக்கிறது போலும். 

நேற்றிரவு தொழுகை அழைப்பு எந்தப் பள்ளிவாசலிலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. எல்லாமே சமையலறைப் பக்கமிருந்து வருகின்றன. ஒரு காது கேட்கிறது, திசை போய்விட்டது.

அக்டோபர் 16

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ‘வெள்ளை ரோஜா’வைப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. பழைய படம், ஒற்றைத் தட ஒலி; இரண்டு பக்கமும் ஒன்றேதான் வருகிறது. நான் இழப்பதற்கு அதில் எதுவுமே இல்லை.

அழுதுவிட்டேன். பிறகு இன்னொருமுறை முதலிலிருந்து போட்டேன்.

அக்டோபர் 17

நேற்று எழுத வேண்டியதை இன்று எழுதுகிறேன். 1933 டிசம்பர் 4 அன்று, அதே ராயல் திரையரங்கில் ‘அல் வர்தா அல் பைதா’, அதாவது ‘வெள்ளை ரோஜா’, வெளியானது. செல்வந்தர் ஒருவரிடம் எழுத்தராக வேலை பார்க்கும் ஜலால் எஃபெந்தி, அவருடைய மகளைக் காதலித்து, தகுதி இல்லை என்று உணர்த்தப்பட்டதும் ஒதுங்கிப்போகிறான். எழுத்தராக நடித்த முகமது அப்துல் வஹாபுக்கு நடிப்பு பெரிதாக வரவில்லை என்பதே என் எண்ணம்; தோளும் கையும் தையல்காரர் அளவெடுக்கும்போது நிற்பதுபோலவே நிற்கின்றன. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஏனென்றால் கரீம் இம்முறை பாட்டின் மேல் கத்தரியை வைத்துவிட்டார். நீண்ட வாத்திய முன்னுரைகள் போயின. ஒரு பாட்டு ஆறு நிமிடத்தைத் தாண்டாமல் நிறுத்தப்பட்டது. மேடையில் ஒரே பாட்டை இரவெல்லாம் நீட்டக்கூடிய மரபில் வந்த பாடகனை இதற்கு ஒப்புக்கொள்ளவைப்பது சாதாரணமான வேலை அல்ல. ஆனால் அப்துல் வஹாப் ஏற்கெனவே இசைத்தட்டுக்குப் பழகிய மனிதர். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட இடம் உண்டு, ஆறு நிமிடம் என்றால் இரண்டு பக்கம். பைதாஃபோன் இசைத்தட்டு நிறுவனம் இந்தப் படத்தில் கூட்டாகச் சேர்ந்ததிலும் வியப்பில்லை. ‘ஜஃப்னுஹு’ என்ற கவிதைக்கு ரும்பா தாளத்தைப் போட்டாரே, அந்தத் துணிச்சலை நினைத்துப் பார்க்கிறேன். அப்துல் வஹாபை மகனைப்போல வளர்த்துப் பாஷாக்கள் எனப்பட்ட பெரிய மனிதர்களின் வரவேற்பறைகளுக்கெல்லாம் அழைத்துச் சென்ற கவிஞர் அஹ்மத் ஷவ்கி அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். அவருடைய ‘நைல் நஜாஷி’ பாட்டும் இந்தப் படத்தில் இருக்கிறது. எழுதியவர் அதைத் திரையில் கேட்கவில்லை.

இதற்கும் ஒலிப்பதிவு பாரிஸ்தான்.

அக்டோபர் 18

மாத்திரை குறைந்தது. முகம் உப்பியிருக்கிறது. இவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அஸீஸா அமீர். 1927-ல் ‘லைலா’வைத் தன் பணத்தில் தயாரித்து, தானே நடித்து, இயக்குநர் நடுவில் மாறியபோதும் விடாமல் முடித்தவர். எகிப்தியச் சினிமாவின் தொடக்கம் என்றால் முதலில் எழுதப்படும் பெயர். அப்படிப்பட்டவர் 1933-ல் மீண்டும் ஒரு மௌனப் படத்தைக் கொண்டுவந்தார். ஊரெல்லாம் பேசும் படத்துக்குச் சீட்டு வாங்க நிற்கும் நேரத்தில் வாய் திறக்காத படம், பணம் போனது. மீண்டும் எழுந்து பேசும் படங்கள் எடுத்தார் என்பது உண்மைதான், ஆனாலும் அந்த 1933 என்னை விடவில்லை. அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்காதா? தெரிந்தும் கையில் இருந்ததை எடுத்து முடித்தாரா?

அக்டோபர் 19

படச்சுருளில் ஒலி அதன் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. திரையிடும் கருவியில் படத்தைக் காட்டும் வில்லையும் ஒலியைப் படிக்கும் விளக்கும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், ஒரு சட்டகத்துக்குரிய ஒலி ஏறத்தாழ 20 சட்டகம் முன்னால் தள்ளி அச்சிடப்படுகிறது. நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் இது முக்கால் நொடிக்குச் சற்று மேல். சுருள் அறுந்து, ஆபரேட்டர் கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டினால், கண்ணுக்கு ஒரு முகம் தாவும். ஆனால் காது இழப்பது அந்த முகத்தின் சொல்லை அல்ல, இன்னும் வராத வேறொன்றின் சொல்லை.

காலையில் காது சோதனைக்காக விரலால் உரசிப் பார்த்தேன். ஏதோ கேட்டதுபோல இருந்தது. திரும்பப் பார்த்தேன். இல்லை.

அக்டோபர் 20

ஹாஜ்ஜாவிடம் சொல்லிவிட்டேன். எழுந்து சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்து, “யா பிந்தி, முதல் நாளே சொல்லியிருந்தால் சூப்பையும் இந்தப் பக்கமே வைத்திருப்பேனே” என்றார்.

தமக்கு வாசிக்கத் தெரியாது என்றும் இன்றுதான் சொன்னார். அவருடைய தாய்க்கும் தெரியாதாம். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையின் பக்கத்தில் சின்னத் திரை ஒன்றை வைத்து அரபு மொழிபெயர்ப்பைக் காட்டுவார்கள். எழுத்து தெரியாதவர்களுக்குப் பெரிய திரையும் ஒன்றுதான், சின்னத் திரையும் ஒன்றுதான். நாயகன் தெருவில் பேசுகிற கெய்ரோ அரபியிலேயே வாய் திறந்தபோது யாருக்கு அது கதவைத் திறந்தது என்பதை நான் இத்தனை நாள் தொழில்நுட்பமாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டுரையின் இரண்டாம் பகுதியைக் கிழித்துப் போட வேண்டும்.

அக்டோபர் 21

பிரமிடுகளுக்குப் போகும் ஹரம் சாலையில் நெரிசலில் முக்கால் மணி நேரம் டாக்சி நகரவில்லை. இந்தச் சாலைப் பக்கம்தான் 1935-ல் மிஸ்ர் ஸ்டூடியோவைத் திறந்தார்கள். மிஸ்ர் வங்கியை 1920-ல் தொடங்கிய தலாத் ஹர்ப், நூற்பாலை, கப்பல், விமானம் என்று நாட்டுக்கு வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனம் தொடங்கிய அதே கணக்கில் சினிமாவையும் சேர்த்தார். கட்டடத்துக்கு முன்பே ஆட்களைத் தயாரித்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்: அஹ்மத் பத்ரகானையும் மோரிஸ் கஸ்ஸாபையும் இயக்கம் படிக்கப் பிரான்சுக்கும், ஹஸன் முராதையும் முகமது அப்துல் அஸீமையும் ஒளிப்பதிவு படிக்க ஜெர்மனிக்கும் அனுப்பினார். அதுவரை குரல்தான் பயணப்பட்டது; பிறகு மாணவர்கள் போய்த் திரும்பினார்கள், குரல் ஊரிலேயே இருந்தது.

டாக்சிக்காரர் இடப்பக்கமிருந்து ஏதோ கேட்டார். ஆமாம் என்றேன். வேறு வழியில் கொண்டுபோய்விட்டார்.

அக்டோபர் 22

இரவு ஹாஜ்ஜாவும் நானும் மடிக்கணினியில் ‘விதாத்’ பார்க்கத் தொடங்கினோம். 1936-ல் வந்தது, மிஸ்ர் ஸ்டூடியோவின் முதல் படம். எழுதியவர் பத்ரகான், இயக்கத்தை முடித்தவர் ஃபிரிட்ஸ் கிராம்ப் என்ற ஜெர்மானியர். அந்த ஆண்டு வெனிஸ் விழாவுக்கும் போனது. மம்லூக் சுல்தான்கள் காலத்து வணிகன் ஒருவனின் அடிமையாகப் பாடகி விதாத்; நடித்தவர் எகிப்தின் பெரும் பாடகி உம்மு குல்தூம். செல்வத்தை இழந்தவன் அவளை விற்க நேர்கிறது. அவள் வாய் திறந்ததும் ஹாஜ்ஜா கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், தேவைப்படும் என்று தெரிந்தவராக. பின்னணியில் தேய்ந்த சுருளின் சீறல். என் சீறலும் அதே சுருதியில் இருக்கிறது. எது எங்கிருந்து வருகிறது என்று கொஞ்ச நேரம் பிரித்துப் பார்த்தேன்.

பாதியில் அவருக்கு உறக்கம் வந்துவிட்டது. நாளை ஒன்பதரைக்கு மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். படம் இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.