அணையில் நீர் இறங்கும்போது பாஸ் மீன் எங்கே போகிறது?

நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறவர் இரையை யோசிக்கும் முன் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் ஏறும்போது பாஸ் மீன் (தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் ஒரு நன்னீர் வேட்டை மீன்) புதிதாக மூழ்கிய புல்லுக்கும் புதருக்கும் நடுவே, முழங்கால் ஆழத்துக்குக்கூட வந்துவிடும். மதகைத் திறந்து மட்டம் இறங்கத் தொடங்கினால் கரையை விட்டு, ஆழம் சட்டென்று கூடும் இடத்துக்கு நகர்ந்துவிடும். நேற்று கடித்த இடம் இன்று வெறிச்சோடிக் கிடப்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

இறங்கும் நீரில் முதலில் தேட வேண்டியது பழைய ஆற்றுப் பள்ளம். கரை மூக்குபோல நீண்டு அந்தப் பள்ளத்தைத் தொடும் முனையில் அடிமரங்கள் இருந்தால், அங்கேயே நின்று பொறுமையாக வீசுங்கள். கோடையில் ஆழம் கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் அடுக்காக நிற்பதால், பல அணைகளில் கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே இரை விடுவது வீண்.

அடிமரங்களுக்கு நடுவே டெக்சாஸ் ரிக்கைவிட (முள் நுனியை ரப்பர் புழுவுக்குள் மறைத்து, எதிலும் சிக்காமல் இழுக்கும் முறை) நம்பகமானது எதுவும் இல்லை என்பது என் கருத்து. 12 முதல் 15 பவுண்டு இழுவை தாங்கும் புளோரோகார்பன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) தூண்டில் நரம்பில் 7 கிராம் தோட்டா வடிவ ஈயத்தைக் கோருங்கள். ஈயத்தின் கூர்முனை ராடு (தூண்டில் கோல்) பக்கம் இருக்கட்டும். பிறகு கழுத்து வளைந்த, 3/0 அளவு முள்ளைக் கட்டுங்கள். முடிச்சை எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழந்து அங்கேயே அறும்.

15 செ.மீ. ரப்பர் புழுவின் தலையில் முள்ளை அரை செ.மீ. நுழைத்துப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். கழுத்து வரை இழுத்து, முள்ளை அரை வட்டம் திருப்புங்கள். வளைவின் அடி புழுவில் எங்கே படுகிறதோ அங்கே குத்தி மறுபக்கம் எடுத்து, நுனியை மட்டும் தோலுக்குள் லேசாக மறையுங்கள். புழு நேராக நிற்க வேண்டும். கோணினால் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

வீசியதும் இரை தரை தொடும்வரை நரம்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பல கடிகள் இறங்கும்போதே விழும். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ, எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே தளர்ந்தாலோ, தளர்வைச் சுற்றி எடுத்துப் பலமாகச் சுண்டுங்கள். முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டுதான் தாடைக்குள் ஏற வேண்டும். மெதுவாக இழுத்தால் மீன் புழுவைத் துப்பிவிடும்.

கிராப்பிக்கு (பாஸைவிடச் சிறிய இன்னொரு நன்னீர் மீன்) இதற்கு நேர்மாறு. மூழ்கிய புதருக்கு மேலே 2 கிராம் ஜிக்கை (ஈயத் தலை கொண்ட முள்) அசையாமல் நிறுத்துங்கள். வாய் மெல்லியது, சுண்டினால் கிழியும், தூக்கினால் போதும். கெளுத்திக்கு இரவில், ஆறு வந்து சேரும் வாயருகே, வெட்டிய மீன் துண்டைத் தரையில் போடுங்கள்.

பெரிய பாஸைக் கீழ்த்தாடையை மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் தூக்கினால் தாடை சிதையும். மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். மிக ஆழத்திலிருந்து ஏற்றிய மீனின் காற்றுப்பை உப்பி, திரும்ப இறங்க முடியாமல் மிதக்கும். பிடித்து விடுகிறவர்கள் 10 மீட்டருக்குக் கீழே தூண்டில் இறக்காமல் இருப்பதே நல்லது.