இட்லிப்பூவும் அன்னபேதியும்

நேற்று காலை இட்லிப்பூச் செடியில் பச்சைத் துளிர் வந்திருந்தது. எட்டு மாதமாக எலுமிச்சை நிறத்தில் துளிர்த்து என் மானத்தை வாங்கிய செடி.

திருச்சியில் வீட்டு வாசலோரம் 20க்கு 6 அடி இடம். மேற்கு வெயில், போர் தண்ணீர். கவனிக்காவிட்டாலும் லட்சணமாக நிற்கும் செடிகள்தான் வேண்டும் என்று காகிதப்பூ, நந்தியாவட்டை, மருள் வைத்தேன். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதுதான் அவற்றின் பெருமை. காகிதப்பூவுக்கு மட்டும் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிய மாதம் வெறும் இலையும் முள்ளும்தான். அரளிக்கும் ஆசை இருந்தது. விஷச்செடி, பேத்திக்கோ எதையும் வாயில் வைக்கும் வயது. விட்டுவிட்டேன்.

வேலிக்குக் குட்டை இட்லிப்பூ 12 வாங்கினேன். "வெச்ச இடத்துல நிக்கும் சார், பார்க்கவே வேணாம்" என்றார் நர்சரிக்காரர். நின்றது உண்மைதான், வளரவில்லை. துளிர் இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்து என்று சாணி கரைத்து ஊற்றியிருப்பேன். துளிரில் என்றால் இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, கார மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது.

உரக்கடையில் அன்னபேதி (இரும்பு உப்பு, ஃபெரஸ் சல்பேட்) ஒரு கிலோ வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்தேன். வெளிர்பச்சையாக இருந்தது, அரை மணியில் டீ டிகாக்‌ஷன் மாதிரி ஆகி அடியில் வண்டல் தங்கியது. அதையே தெளித்தேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெள்ளைச் சுவரில்தான் துருக்கறை. "ஏங்க, செடிக்கு வைத்தியமா, சுவருக்குப் பெயிண்டா?" என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டாவது தடவையும் அதே கதை.

கோளாறு தண்ணீரில். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் பட்டையை மீன்தொட்டிக் கடையில் வாங்கி நனைத்தால் 8க்கு மேல் காட்டியது, அதாவது காரம். காரத் தண்ணீரில் இரும்பு கரைந்து நிற்காது, துருவாகி அடியில் தங்கிவிடும். அடுத்த முறை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, முதலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, பிறகு அன்னபேதியைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் நிறம் மாறவில்லை! இரண்டு சொட்டு ஷாம்பு சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கமும் நனைய அடித்தேன். சுவருக்குப் பழைய போர்வை. பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பழைய இலைகளில் மருந்து பட்ட இடம் மட்டும் புள்ளி புள்ளியாகப் பச்சை, அம்மை போட்ட மாதிரி. புதுத்துளிர்தான் முழுப்பச்சை.

சுவரை ஒட்டிய இரண்டு மட்டும் இன்னும் அடம். தோண்டினால் வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்ட் பூச்சுக் கட்டிகள், மண்ணை இன்னும் காரமாக்குபவை. ஒரு சட்டி அள்ளியாயிற்று, இன்னும் வருகிறது. அந்தக் குழிக்குச் செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் போடலாம் என்று பொள்ளாச்சியிலிருந்து 5 கிலோ கட்டி வரவழைத்து ஊறப்போட்டிருக்கிறேன். உப்புப் போக இன்னும் இரண்டு தண்ணீர் மாற்ற வேண்டும். இதற்குள் கேட் பக்கம் ஒரு பவழமல்லி வைக்க இடம் அளந்துவிட்டேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.