கட்டும்போதே அவிழ்ப்பையும் நினை: அடுக்குச் செய்மதிக் குறிப்புகள்

ஜனவரி 8, வியாழன், திருகோணமலை

மழை விடவில்லை. கிண்ணியா வீதியில் லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் கூரைத் தகடு ஏற்றிப் போகிறார்கள். கயிறு தளர்ந்தால் மேல் தகடு எழும்பாது, பக்கமாக வழுக்கும். தகடுகளைப் பிடித்திருப்பது கயிறு தரும் அழுத்தத்தால் வரும் உராய்வுதான். ரொக்கட்டில் ஏற்றத் தட்டைச் செய்மதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நான்கு மூலைகளிலும் இழுதண்டு (அடுக்கை மேலிருந்து கீழாக இழுத்துப் பிடிக்கும் நீளத் தண்டு) போட்டு இறுக்கும்போதும் இதே சிக்கல் வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. 50 கிலோ வீதம் 20 செய்மதிகள்: 1,000 கிலோ, உயரம் 2 மீற்றர், தண்டுகளுக்கிடையே 1 மீற்றர். ரொக்கட் மேலே தள்ளும்போது அடுக்கு அமுங்கத்தான் செய்யும், அதில் பயமில்லை. இயந்திரம் சட்டென்று நிற்கும்போது அடுக்கு மேலே துள்ளும். துள்ளல் 2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு) என்றால் 19.6 கிலோ நியூட்டன், தண்டுக்கு 4.9. அதே நேரம் பக்கவாட்டிலும் 2 ஜி வந்தால் அடுக்கு கவிழப் பார்க்கும். அதைத் தடுக்கத் தண்டுக்கு இன்னும் 9.8. மொத்தம் 14.7. பாதுகாப்புக் காரணி 1.25 சேர்த்தால் 18.4. ஆகவே 20 கிலோ நியூட்டனுக்கு இறுக்குகிறோம்.

போதும் போலத் தெரியும். ஆனால் நான்கு தண்டுகளும் தரும் 80 கிலோ நியூட்டனில் துள்ளலுக்குப் போக மிஞ்சுவது 60. உராய்வுக் குணகம் 0.2 என்றால் பக்கவாட்டில் தாங்குவது 12 மட்டும். வரும் விசையோ 19.6. அடுக்கு வழுக்கும். இதற்காக இன்னும் இறுக்குவது தவறான வழி. ஒவ்வொரு மூலையிலும் கூம்பும் கிண்ணமும் வைத்துப் பக்க விசையை அவற்றிடம் கொடுக்க வேண்டும். தண்டுக்கு இழுக்கிற வேலை மட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

முறுக்கு விசையை அளந்து இறுக்குவதை நம்ப முடியாது. திருகுப் புரியின் உராய்வு மாறுவதால் ஒரே முறுக்குக்குத் தண்டின் இழுவிசை 25 வீதம் கூடியும் குறைந்தும் வரலாம். தண்டில் விகாரமானி ஒட்டி நீட்சியையே அளக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள, 2 மீற்றர் டைட்டேனியம் தண்டு 20 கிலோ நியூட்டனில் ஏறத்தாழ 3.2 மில்லிமீற்றர் நீளும்.

இறுக்கும் வரிசை: குறுக்கு மூலைகளாக, முதலில் 30 வீதம், பிறகு 60, பிறகு முழுவதும். ஒன்றை இறுக்க மற்றது தளரும், ஆகவே கடைசியில் இன்னொரு சுற்று. ஒரு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும்; பூச்சும் தொடுபரப்பும் படிந்து கொஞ்சம் இழுவிசை போயிருக்கும்.

வெப்பநிலையை மறப்பவர்கள் பலர். அலுமினிய அடுக்கு டைட்டேனியத்தைவிட அதிகம் சுருங்கும். 10 பாகை குளிர்ந்தால் வித்தியாசம் 0.29 மில்லிமீற்றர். அடுக்கு அமுங்காது என்று வைத்தால் 9 வீத இழுவிசை போய், 20 என்பது 18.2 ஆகிவிடும். தேவையோ 18.4. அப்படியானால் 22க்கு இறுக்க வேண்டும். தண்டு மெல்லியதாக இருப்பது நல்லதுதான்: 24 மில்லிமீற்றர் தண்டு 0.8 மட்டுமே நீளும், அதே குளிரில் 36 வீதத்தை இழக்கும். தடித்த தண்டு பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இங்கேதான் பிழைவிடுகிறார்கள்.

ஜனவரி 12, திங்கள்

அவிழ்ப்பு. 20 கிலோ நியூட்டனில் இழுத்து நிற்கும் தண்டில் 32 ஜூல் சக்தி இருக்கிறது, நான்கிலும் 128. ஒரு கிலோ எடை 13 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது சில மில்லி செக்கனில் வெளியேறும். தண்டு பின்வாங்கி மோதாமல் பிடித்துக்கொள்ளும் குழாயும் நசுங்கு திண்டும் வேண்டும்.

வெடிபொல்ட் (வெடித்து அறும் பொல்ட்) வேகமானது, ஆனால் அதன் அதிர்ச்சி செய்மதியின் பளிங்கு அலையியற்றிகளையும் (மின்சுற்றுக்குத் தாளம் தரும் பளிங்குகள்) ரிலேகளையும் கெடுக்கலாம். பிளவுச் சுரையை (துண்டுகளாகப் பிரியும் நட்டை) ஒரு கம்பிச் சுற்றுப் பிடித்திருக்க, மின்சாரம் பாய்ந்து உருகுகம்பி அறுந்ததும் சுரை விரியும் வகைதான் எங்கள் தெரிவு. சுரைக்கு இரண்டு உருகுகம்பி, இரண்டுக்கும் தனித்தனி மின்வழி. ஒரு மூலை பிந்தினால் அடுக்கு அந்த மூலையைப் பற்றிக்கொண்டு சரியும். நான்கும் சேர்ந்து விடுவதைத் தரையில் பலமுறை சோதிக்க வேண்டும். வெற்றிடத்தில் வெறும் உலோகங்கள் அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கூம்புக்கும் கிண்ணத்துக்கும் வேறுவேறு உலோகமும் உலர் மசகும் வேண்டும்.

கழர வேண்டியது கழராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஓகஸ்ட் 31 போதும். இந்தியாவின் பிஎஸ்எல்வி சி39 ரொக்கட்டின் வெப்பக் கவசம் பிரியவில்லை. ஐஆர்என்எஸ்எஸ்-1எச் செய்மதி அதற்குள்ளேயே அடைபட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

எங்கள் நாட்டின் செய்மதி இராவணா-1, 1 கிலோவுக்குச் சற்றுக் கூடிய கனசதுரம். 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தின் கிபோ கூடத்திலிருந்து வெளியேறியது. அங்கே இழுதண்டு இல்லை: பெட்டி, கதவு, பின்னால் ஒரு சுருள்வில். அந்த அளவுக்கு அது போதும்.

ஜனவரி 17, சனி

விடுவித்தபின் மோதாமல் பிரிப்பதற்கு இரண்டு வழிகள். 2023 மார்ச் 26 அன்று இந்தியாவின் எல்விஎம்3 ரொக்கட், 450 கிலோமீற்றர் உயரத்தில் 36 வன்வெப் இணையச் செய்மதிகளை நான்கு நான்காக ஒன்பது கட்டங்களில் விட்டது. கட்டங்களுக்கிடையே ரொக்கட்டின் மேற்பகுதி திசை மாற்றிக்கொண்டது. துல்லியமானது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிடி வேண்டும், நடுவே பெரிய தாங்கி வேண்டும், எடை கூடும்.

2019 மே 24 அன்று பால்கன் 9, தலா 227 கிலோவான 60 ஸ்டார்லிங்க் செய்மதிகளைத் தனித்தனிச் சுருள்வில் இல்லாமல் விட்டது. ரொக்கட்டின் மேற்பகுதியை மெல்லச் சுழற்றி, அடுக்கை மொத்தமாக விடுவிப்பது. எங்கள் மாதிரி அடுக்கைச் செக்கனுக்கு 1 பாகை குறுக்காகச் சுழற்றினால், 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கும் அயல் செய்மதிகளின் வேக வித்தியாசம் செக்கனுக்கு 1.7 மில்லிமீற்றர். நேர்கோட்டுக் கணக்கில் ஒரு மணித்தியாலத்தில் 6 மீற்றர் பிரியும். அதற்குள் மெல்ல உரசலாம். உரசலைத் தாங்கும்படியே உடல் அமைய வேண்டும், சூரியத் தகடும் அதுவரை மடிந்தே இருக்க வேண்டும். சுழற்சி ஒவ்வொரு செய்மதியிலும் தங்கும். அதை நிறுத்துவது அதனதன் உள்சக்கரங்களின் (உள்ளே சுழன்று உடலைத் திருப்பும் சக்கரங்கள்) வேலை.

அவிழ்ந்த தண்டை வெளியே எறிவதா? அந்த முதல் 60ஐ விட்ட 440 கிலோமீற்றரில் காற்றின் இழுவை அதைத் தானே கீழே கொண்டுவரும். 1,200 கிலோமீற்றரில் நூற்றாண்டுக் கணக்கில் சுற்றும். அங்கே தண்டின் அடியில் கீல் போட்டு ரொக்கட்டின் மேற்பகுதியோடேயே மடித்துக் கட்ட வேண்டும், எடை சில கிலோ கூடினாலும்.