எக்செல் செய்முறைத் தேர்வு: மிச்சமாகக் கிடக்கும் வெற்று வரிசைகளைச் சரிசெய்வது

எக்செல் செய்முறைத் தேர்வுக்குத் தயாரானபோது, ஃபார்முலாக்களைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது ஒரு பழக்கம்தான்: ஷீட்டைத் திறந்ததும் கண்ட்ரோல், எண்ட் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பது. ஷீட்டில் பயன்பட்ட கடைசி செல்லுக்கு அது கர்சரைக் கொண்டுபோகும். தரவு 120ஆம் வரிசையோடு முடிந்திருக்க, கர்சர் 5000ஆம் வரிசையில் போய் நின்றால் அங்கே ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரி ஷீட்டில் ஸ்க்ரோல் பட்டை குட்டியாகிவிடும். லேசாக இழுத்தாலே தரவைத் தாண்டி எங்கோ போய் நிற்போம்.

இது ஏன் நடக்கிறது? எழுத்தோ எண்ணோ இருக்கும் செல்களை மட்டும் எக்செல் கணக்கில் எடுப்பதில்லை. நிறம் பூசிய செல்லும் பார்டர் போட்ட செல்லும் அதற்குப் பயன்பட்ட செல்தான். டிலீட் விசை உள்ளடக்கத்தை மட்டுமே அழிக்கும். வரிசையும் அதன் வடிவமைப்பும் அப்படியே கிடக்கும்.

படித்தால் மட்டும் இது மனதில் நிற்காது, செய்து பாருங்கள். ஏ முதல் எஃப் வரை 120 வரிசைத் தரவு உள்ள ஷீட்டில், ஏ5000 செல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். இப்போது கண்ட்ரோல் எண்ட் அழுத்தினால் கர்சர் ஏ5000இல் நிற்காது, எஃப்5000க்குப் போகும். கடைசி வரிசையும் கடைசி நெடுவரிசையும் சந்திக்கும் இடம் அது. அந்த செல்லில் ஒன்றுமே இருக்காது. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். சரி, இனி நேம் பாக்ஸில் (ஷீட்டின் இடது மேல் மூலையில் செல்லின் பெயர் தெரியும் சிறு பெட்டி) 121:5000 என்று அடித்து என்டர் தட்டுங்கள். வரிசைகள் தேர்வானதும் அவற்றை நீக்க கண்ட்ரோலுடன் மைனஸை அழுத்துங்கள். அப்புறம் கோப்பைச் சேமியுங்கள். இதை மறக்கக் கூடாது, சேமித்த பிறகுதான் எல்லை எஃப்120க்குத் திரும்பும். சில பழைய பதிப்புகளில் கோப்பை மூடித் திறக்கவும் வேண்டியிருக்கும்.

தரவுக்கு நடுவில் கிடக்கும் வெற்று வரிசை இதைவிட ஆபத்து. கண்ட்ரோலுடன் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் அந்த இடைவெளிக்கு முன்னாலேயே நின்றுவிடும். அது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. தெரியாத தொல்லையும் ஒன்று உண்டு. ஒரே ஒரு செல்லில் நின்றுகொண்டு சார்ட்டோ ஃபில்டரோ கொடுத்தால், எக்செல் அந்த இடைவெளி வரைக்கும்தான் தரவு என்று எடுத்துக்கொள்ளும். கீழே உள்ள பாதி விடுபட்டது தெரியாமலேயே விடை எழுதிவிடுவோம்.

இதற்கு, குறிப்பிட்ட வகை செல்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் கோ டு ஸ்பெஷல் வசதியில் பிளாங்க்ஸ் (வெற்று செல்கள்) தேர்ந்து வரிசைகளை நீக்கச் சொல்லும் குறுக்குவழி பரவலாகப் புழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரின் தொலைபேசி எண் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தாலும் அவருடைய முழு வரிசையும் போய்விடும். நான் செய்வது வேறு. ஜி1இல் ஏதாவது ஒரு தலைப்பு, பிறகு நேம் பாக்ஸ் வழியாக ஜி2:ஜி120 தேர்வு, அதில் ஏ2 முதல் எஃப்2 வரை வெற்றாக இல்லாத செல்களை எண்ணும் கவுன்ட்ஏ ஃபார்முலா, கடைசியில் தேர்ந்த எல்லா செல்களிலும் அதை ஒரே தடவையில் நிரப்ப கண்ட்ரோல் என்டர். ஜி நெடுவரிசை இடைவெளியின்றி நிறைந்துவிடுவதால் ஃபில்டரும் இப்போது முழுத் தரவையும் பிடித்துக்கொள்ளும். பூஜ்யம் வந்த வரிசைகளை மட்டும் வடிகட்டி நீக்கிவிட்டு, ஃபில்டரை எடுத்து, ஜியையும் நீக்கிவிடலாம். வலப்பக்கம் வேறொரு அட்டவணை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வரிசையை நீக்கினால் அதிலும் கை வைத்ததாகிவிடும்.

வெறுமையாகத் தெரிந்தும் கவுன்ட்ஏ 1 காட்டினால், செல்லில் ஒரு ஸ்பேஸோ, ஒன்றுமில்லாத உரையைத் தரும் ஃபார்முலாவோ இருக்கும். எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும் லென் ஃபார்முலா போட்டால் பிரித்துச் சொல்லிவிடலாம்: ஒரு ஸ்பேஸ் என்றால் 1, வெற்று உரை என்றால் 0.

தேர்வில் நேரம் குறைவு என்பதால் கண்ட்ரோல் எண்ட் சோதனையை முதல் கேள்விக்கு முன்பே முடித்துவிடுங்கள். கேள்வியில் நீக்கச் சொல்லாத வரிசைகளை நீக்க வேண்டாம். எல்லை எங்கே என்று தெரிந்தால், ஃபார்முலாவிலும் சார்ட்டிலும் வரம்பை நீங்களே சரியாகக் கொடுத்துவிடலாம்.