மேற்கு வெயிலும் ஆறு எம்எம் கண்ணாடியும்

போன சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. 12 வருசத்துக்கு முன்னால் நான் கண்ணாடி மாட்டிக் கொடுத்த கட்டடம். "அண்ணாச்சி, எவனோ கல்லெறிஞ்சிருக்கான், ரெண்டாம் மாடிக் கண்ணாடி விரிஞ்சு நிக்கி, உடனே வாங்க" என்றார் மேனேஜர். போனேன். அது கல்லடி இல்லை. கல் பட்டால் பட்ட இடத்தில் ஒரு புள்ளி இருக்கும், அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கீறல் ஓடும். இங்கே புள்ளியே இல்லை. அலுமினிய பிரேமின் ஓரத்தில் தொடங்கிய கீறல், மூலைமட்டம் வைத்து வரைந்தது போல நேராக ரெண்டு அங்குலம் உள்ளே வந்து, அதற்கப்புறம்தான் வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து மேலே ஏறியிருந்தது. வெயிலில் விரியும் கண்ணாடி இப்படித்தான் விரியும்.

உள்ளே போய்ப் பார்த்தேன். மேற்குப் பக்கம் முழுக்க, நான் மாட்டிய கண்ணாடியின் உள்புறத்தில் தெர்மாகோல் அட்டையை ஒட்டியிருந்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் நீலமாகப் பளபளக்கிற சுவர், உள்ளே பட்டப்பகலில் டியூப் லைட். கணக்கு பார்க்கும் பெண் மட்டும் தன் மேஜைக்கு நேராக தெர்மாகோலில் ஒரு கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "மழை வருதான்னு பாக்கதுக்கு, அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காசு வாங்கி, அளவு பிசகாமல், சிலிக்கான் ஒரு இடத்திலும் பிசிறில்லாமல் முடித்த வேலை அது. என் வேலையில் குறை இல்லை என்று இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குள் உட்கார்ந்திருப்பவர்கள் 12 வருசமாக வெந்துகொண்டிருக்கிறார்கள் என்றால் அதை எப்படி நல்ல வேலை என்று சொல்ல முடியும்?

நான் முதன்முதலில் கண்ணாடி பிடித்தது பாளையங்கோட்டையில் ஒரு படக்கடையில். சாமி படம், கல்யாண போட்டோ, செத்துப்போனவர்கள் படம், எல்லாவற்றுக்கும் பிரேம் போடுகிற கடை. ரெண்டு எம்எம் கண்ணாடிதான், அதற்கு மேல் கனமாக வந்தால் அது பீரோவுக்கோ மேஜைக்கோ போகிற கண்ணாடி. அங்கே இருந்த பெரியவர் முதல் ஆறு மாசம் என்னைத் துடைக்க மட்டும்தான் விட்டார். அப்புறம் ஒரு நாள் கட்டரைக் கையில் கொடுத்து, மண்ணெண்ணெய் டப்பாவில் சக்கரத்தை முக்கச் சொல்லி, "ஏல, கண்ணால பாக்காத, காதால கேளு" என்றார். உண்மைதான். கோடு சரியாக விழுந்தால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீரான மெல்லிய சத்தம் வரும். கை கூடுதலாக அழுத்தினால் நறநறவென்று பொடி உதிரும், அந்தக் கோட்டில் கண்ணாடி நேராக உடையாது. கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் திட்டு விழும், ஏனென்றால் கோடு ஆறிவிடும். போட்ட சூட்டோடு உடைத்துவிட வேண்டும். வெட்டிய ஓரத்தில் சின்ன மூக்கு நின்றால்கூட அவர் கல்லை வைத்துத் தேய்க்கச் சொல்வார். பிரேமுக்குள் மறைகிற ஓரத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அப்போது நினைப்பேன். கண்ணாடி எப்போதும் ஓரத்திலிருந்துதான் சாகும் என்பது பெரிய வேலைகளுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

அந்த நாளில் சில பழைய கண்ணாடிகளில் அலை இருக்கும், தலையை அசைத்தால் எதிர்வீட்டுச் சுவர் நெளியும். ஃப்ளோட் கண்ணாடி வந்து அதை மாற்றியது. உருக்கிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்க விட்டுத் தகடாக எடுக்கிற முறை. இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி 1959-ல் உலகத்துக்கு அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ல் ஓடத் தொடங்கிய பிறகு நம்ம பக்கத்துக்கும் நல்ல பெரிய தகடு தாராளமாக வந்தது. கடை வாசலுக்கு 12 எம்எம் கதவு, அலுவலகத்துக்கு அலுமினியத் தடுப்பு, அப்புறம் கட்டடத்தின் முகம் முழுக்கக் கண்ணாடி என்று வேலை வளர்ந்துகொண்டே போனது. ஒரு எம்எம் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் ரெண்டரை கிலோ. மூன்றடிக்கு ஏழடி, 12 எம்எம் கதவு ஒன்று ஏறக்குறைய 60 கிலோ வரும். இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் வெயில் கணக்கை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வெறும் ஆறு எம்எம் கண்ணாடி, மேலே விழும் வெயிலின் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். உள்ளே போன வெயில் மேஜையையும் தரையையும் சுடவைக்கும். அந்தப் பொருள்கள் திருப்பி விடுகிற அனல் இருக்கிறதே, அதைக் கண்ணாடி நேராக வெளியே விடாது. சாத்திய காருக்குள் நடப்பது இதுதான். அதனால்தான் உள்ளே திரை போடுவது பாதி மருந்து. சூடு வீட்டுக்குள் வந்த பிறகு தடுக்கிறோம். அந்த அலுவலகத்தில் போட்டது ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி, சுட்டு ஆற்றிப் பலமேற்றிய டஃபண்டு இல்லை. அது வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், கொஞ்சத்தைத் தானே குடித்துக்கொள்ளும். முதுகில் தெர்மாகோலை ஒட்டியதும் குடித்த சூட்டுக்கு உள்பக்கம் போக்கிடம் இல்லாமல் போனது. நடுப்பகுதி கொதிக்க, பிரேமுக்குள் நிழலில் இருக்கும் ஓரம் அவ்வளவு சூடாகாமல் நிற்க, நடு சூட்டில் பெருகப் பார்க்கிறது, ஓரம் விட மாட்டேன் என்கிறது. ஓரத்தில் எங்கேயோ ஒரு சின்ன மூக்கு இருந்திருக்கும். அங்கே பிடித்துக்கொண்டது கீறல். படக்கடைப் பெரியவர் தேய்க்கச் சொன்ன அதே மூக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு ஆர்க்கிடெக்ட் தம்பியிடம் இதைச் சொன்னபோது, இது பெரிய ஆட்களுக்கே நடந்தது என்றார். சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே பாரிஸில் சால்வேஷன் ஆர்மிக்குக் கட்டிக்கொடுத்த விடுதி 1933-ல் திறந்தது. தெற்கு முகம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. வெயில் காலத்தில் உள்ளே இருந்தவர்கள் தவித்துப்போய், பிற்பாடு திறக்கிற ஜன்னல் வைத்து, வெளியே வெயில் தடுப்பும் கட்டினார்கள். சண்டிகரில் அவர் கண்ணாடிக்கு முன்னால் ஆழமான கான்கிரீட் தடுப்புகளை முதலிலேயே வைத்துவிட்டார். பாரிஸ் வெயிலுக்கே அந்தப் பாடு என்றால் நம்ம ஊர் கத்திரியை என்ன சொல்ல.

அதற்கப்புறம் நான் வெயிலைப் பார்க்க ஆரம்பித்தேன். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டே முக்கால் பாகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி ஒரு நாளும், ஆவணி நடுவில் ஒரு நாளும் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும், நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. இந்த ரெண்டு நாளுக்கும் நடுவில் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று யாராவது சொன்னால் அது குளிர்நாட்டுப் புத்தகத்தில் படித்தது. நம்ம ஊரில் ஆனி மாசம் வடக்குச் சுவரிலும் வெயில் விழும். ஆனால் உச்சியில் அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதால் ஒன்றரை அடி சன்ஷேடே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். தெற்கே ரெண்டடி சன்ஷேடு போட்டால் மார்கழி உச்சிவெயிலில்கூட மூன்றடிக்கு மேல் நிழல் இறங்கும். மேற்குதான் அடங்காது. அதே ரெண்டடி சன்ஷேடு சித்திரையில் சாயங்காலம் 5 மணிக்கு ஒரு அடி நிழல்கூடத் தராது, வெயில் படுத்துக்கொண்டே உள்ளே வரும். இது தெரிந்துதான் நம்ம பழைய ஆட்கள் மேற்குப் பார்த்த வீட்டு முன்பக்கத் தார்சாவுக்கு மத்தியானமானால் ஓலைத் தட்டியை இறக்கினார்கள். சன்ஷேடு மாதிரி மேலே நீட்டாமல், முன்னால் தொங்கவிட்டார்கள்.

இப்போது வேலை கேட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வியே உங்கள் கட்டடம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான். சிலர் வாஸ்து பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய வணிகக் கட்டடங்களுக்கு மத்திய அரசின் 2017 ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பிலேயே வெளிச்சுவரில் கண்ணாடி 40 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று இருக்கிறது, அதைச் சொன்னால் கொஞ்சம் கேட்கிறார்கள். வீடு கட்டுகிறவர்களிடம் இன்னும் எளிதாகச் சொல்வேன்: ஆச்சி வீட்டு அடுக்களையில் ஓட்டுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருக்குமே, ஒரு முழம்கூட இருக்காது, அதில் விழும் வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கினார்கள் இல்லையா. வெளிச்சத்துக்கு எவ்வளவு கண்ணாடி வேண்டும் என்பதற்கு எனக்கு இன்றைக்கும் அதுதான் அளவு.

இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும், மனசில் ஆறாமல் கிடக்கிறது. ஒரு மண்டபத்தில் மாடிக் கைப்பிடிக்கு டஃபண்டு கண்ணாடி போட்டோம். டஃபண்டு என்பது கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சுடவைத்துச் சட்டென்று காற்றடித்து ஆற்றுவது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம். ஆனால் சுட்ட பிறகு ஒரு ஓட்டைகூடப் போட முடியாது, எல்லா அளவும் முன்னாலேயே சரியாக இருக்க வேண்டும். மூன்றாவது மாசம் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு, ஆள் அரவமே இல்லாத நேரத்தில், அதில் ஒரு தகடு வெடித்து கல்கண்டு மாதிரி கொட்டிவிட்டது. மட்டமான சரக்கைப் போட்டுவிட்டேன் என்று மண்டபத்துக்காரர் மீதிப் பணத்தைத் தரவே இல்லை. கொட்டிய இடத்தில் குனிந்து தேடினேன். கொஞ்சம் பெரிதாக ரெண்டு துண்டுகள் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. நிக்கல் சல்ஃபைடு என்ற கண்ணுக்குத் தெரியாத துகள் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் பருத்து உடைத்தால் இந்த அடையாளம் கிடக்கும். அது என் குற்றமில்லை என்று அன்றைக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. ஆனால் கீழே யாராவது நின்றிருந்தால்? இப்போது தலைக்கு மேலேயோ கைப்பிடியிலோ வருகிற கண்ணாடி என்றால், மறுபடி சூளையில் வைத்துச் சோதித்த டஃபண்டில் ரெண்டு தகட்டை நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்தான். உடைந்தாலும் படலத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். விலை கூடும், சில பேர் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

வண்ணார்பேட்டைக்கு வருகிறேன். முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணாடி போட்டதே வெளிய தெரியத்தான, அதுக்கு முன்னால ஒண்ணக் கட்டி மறைக்கச் சொல்லுதீரே" என்றார். அவர் ஆதங்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு மாசம் மட்டும் பொறுங்கள் என்று சொல்லி, நாற்றுப்பண்ணைக்குப் போடுகிற பச்சை வலையை வாங்கி, வெளியே ரெண்டடி தள்ளிச் சாரம் கட்டி மேற்கு முகம் முழுக்க இழுத்துக் கட்டினேன். வலைக்கும் கூலிக்கும் நான்தான் காசு போட்டேன். நாலாம் நாள் மேனேஜர் போன் செய்து, ரெண்டு ஏசியில் ஒன்றை அணைத்துவிட்டோம் என்றார். மாசக் கடைசியில் முதலாளியே வந்து மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கணக்கு மேஜையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் சரி என்றார்.

ஆடியில் உயரத்தில் தகடு தூக்க மாட்டேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில், சக்கர் என்கிற உறிஞ்சுபிடி வைத்து நாலு பேர் பிடித்த கண்ணாடி பாய்மரம் மாதிரி ஆளை இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஆவணியில்தான் தொடங்கினோம். கண்ணாடிக்கு ரெண்டடி முன்னால் இரும்புச் சட்டம், அதில் கீழ்நோக்கிச் சாய்ந்த அலுமினியப் பட்டைகள், நெருக்கமாக. ஓலைத் தட்டியை அலுமினியத்தில் செய்தோம், அவ்வளவுதான். கண்ணாடி துடைக்க நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டேன். நம்ம போர் தண்ணியை வைத்துத் துடைத்துவிட்டு அப்படியே காயவிட்டால் உப்புப் பூத்து, நாளாக நாளாக எடுக்கவே முடியாமல் போகும் என்பதால், துடைத்ததும் ரப்பரால் வழித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

விரிந்த தகட்டை மாற்றினோம். தெர்மாகோலைப் பிய்த்தோம், அது லேசில் வரவில்லை. பசை 12 வருச வெயிலில் வெந்து கண்ணாடியோடு கண்ணாடியாக இறுகியிருந்தது. பிளேடு வைத்து நாலு நாள் சுரண்டினோம். அந்தப் பெண் வெட்டி வைத்திருந்த சதுரம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது, அங்கே சுரண்ட ஒன்றுமில்லை.

ஐப்பசியில் பில் விஷயமாக ஒரு நாள் மத்தியானம் போனேன். லைட் போடவில்லை. பட்டைகளுக்கு நடுவில் மேற்கே மலை வரிவரியாகத் தெரிந்தது. அந்தப் பெண் கணக்கிலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணாச்சி, குடை கொண்டு வந்திருக்கேளா? அம்பாசமுத்திரம் பக்கம் எறங்கிட்டு" என்றார்.